முகம் பார்த்துச் சொல்லப்போகும் பெரியவர்களுக்கு

அறுபது வயதைக் கடந்த அம்மாக்களே, ஐயாக்களே,

உங்கள் ஊர் நூலகத்திலோ, காலையில் நடக்கப் போகும் பூங்காவிலோ, ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலோ மடிக்கணினியும் கையுமாக ஒரு பெண்ணோ பையனோ வந்து நின்றிருக்கலாம். "திரையில் சில முகங்களைக் காட்டுவோம். ஒவ்வொரு முகத்திலும் என்ன உணர்ச்சி தெரிகிறது என்று சொல்வீர்களா?" என்று கேட்டிருக்கலாம். உங்களில் பலர் என்ன பதில் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். "எம் பேரன் காலேஜ்ல படிக்கிறான், அவனைக் கூப்பிட்டுக்கோங்க." "எனக்கு அவ்வளவு படிப்பு இல்லம்மா." "கண்ணாடி மாத்தணும், அப்புறம் பார்க்கலாம்." மரியாதையாகத்தான் மறுக்கிறீர்கள். ஆனால் அந்த மறுப்புக்குள் ஒரு பயம் இருப்பதை, இத்தகைய ஆய்வுகளில் வேலை செய்கிறவள் என்ற முறையில், பலரிடம் பார்த்துவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன நினைப்பார்கள்? மறதி நோய் என்று எழுதிவிட்டால்?

அந்தப் பயத்தைப் பற்றியும், உங்கள் பதில் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதைப் பற்றியும் பூங்கா பெஞ்சில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

அங்கே என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாத ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு கணினி. திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி தோன்றும். பார்வை அலையாமல் இருப்பதற்காக அது. குறி மறைந்ததும் ஒரு முகம் வரும். சில ஆய்வுகளில் நீங்கள் பதில் சொல்லும்வரை அது நிற்கும், சிலவற்றில் அரை நொடியில் போய்விடும். அடுத்து கோபம், பயம், அருவருப்பு, மகிழ்ச்சி, சோகம், வியப்பு என்று சில சொற்கள் வரும். ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். முதலில் வரும் சில முகங்கள் கை பழகுவதற்கு மட்டும். ஒரே ஆளின் முகம் திரும்பத் திரும்ப வரும், உணர்ச்சி மட்டும் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கும். சாதாரண முகத்தையும் கோப முகத்தையும் கணினியில் வெவ்வேறு அளவில் கலந்து அந்தப் படங்களைச் செய்கிறார்கள். "இதை இப்பத்தானே பார்த்தேன், அப்ப என்ன சொன்னேன்?" என்று நினைவைத் துழாவ வேண்டாம். முன்பு சொன்ன பதிலோடு இப்போதைய பதில் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தந்த முகத்தைப் பார்த்ததும் அந்தந்த நேரத்தில் தோன்றுவது போதும்.

இது தேர்வு இல்லை. உங்கள் பதில்கள் நூற்றுக்கணக்கான பேரின் பதில்களோடு சேர்ந்து சராசரியாகத்தான் கட்டுரையில் வரும், பெயர் வராது. இந்த முகப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு மறதி நோய் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வு மருத்துவமனையில் நடந்து, அதில் நினைவாற்றல் சோதனையும் சேர்ந்திருந்தால், அதைத் தகவல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வுக்கு வந்த ஓர் அம்மா பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வருத்தப்பட்டார். "வீட்ல மருமக செருப்பைக் கழட்டுற விதத்துலயே ஆபீஸ்ல என்ன நடந்துதுன்னு சொல்லிடுவேன். இங்க ஏன் ஒண்ணும் புரியலை?" அவர் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. வீட்டில் அவர் முகத்தை மட்டும் படிக்கவில்லை. நடை, குரல், நேற்று நடந்தது, இன்று சம்பளத் தேதியா இல்லையா என்பது எல்லாம் சேர்ந்தே அவருக்குச் செய்தி சொல்கின்றன. 2012-ல் ஹில்லெல் அவியேசரும் அவருடைய சக ஆய்வாளர்களும் டென்னிஸ் வீரர்களின் படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முக்கியமான புள்ளியை வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுத்த படங்கள் அவை. முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பார்த்தவர்களால் பிரிக்க முடியவில்லை. முகமே இல்லாமல் உடலை மட்டும் காட்டியபோது எளிதாகச் சொல்லிவிட்டார்கள். திரையில் வெறும் முகம் மட்டும் வந்தால் தடுமாறுவது இயல்பு. அந்தத் தடுமாற்றத்தை உங்கள் வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

சரியான விடை என்று இதில் எதைச் சொல்கிறோம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1976-ல் வெளியிட்ட முகப்படத் தொகுப்பு இந்தத் துறையில் மிக அதிகமாகப் பயன்பட்டவற்றில் ஒன்று. 14 பேரின் 110 கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் உண்மையில் கோபமாக இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. கோபமான முகத்துக்கு இன்னின்ன தசைகள் அசைய வேண்டும் என்று கருதினார்கள், அவர் அப்படி முகத்தை வைத்துக் காட்டினார், பார்த்த அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கோபம் என்றார்கள். விடைத்தாளில் கோபம் என்று இருப்பதன் பின்கதை இதுதான். நீங்கள் வேறொன்று சொன்னால், அந்தப் படத்தைப் பற்றியும் எங்கள் கொள்கையைப் பற்றியும் எங்களுக்கு ஒரு புதிய செய்தி கிடைக்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்தத் துறை வளர்ந்ததே எதிர்பாராத பதில்களால்தான். டார்வின் 1872-ல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் எடுத்த படங்களை வைத்திருந்தார். ஒரு முதியவரின் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி எடுத்த படங்கள் அவை. விளக்கத்தோடு சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாமே உண்மை போலத்தான் டார்வினுக்குத் தோன்றியது. பிறகு விளக்கத்தை மறைத்து, இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் படத்தை மட்டும் காட்டினார். சில முகங்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போனார்கள், வேறு சிலவற்றில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தன் கற்பனை தன்னை எவ்வளவு எளிதாக ஏமாற்றக்கூடும் என்பதை அந்த மனிதர்கள்தான் தனக்குக் காட்டினார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, எக்மன் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் போனார். வெளியுலகப் படங்களும் திரைப்படங்களும் அதிகம் எட்டாத மக்கள் அவர்கள். சிறு கதை ஒன்றைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் பெரியவர்கள் மூன்று படங்களிலிருந்து எடுக்க வேண்டும், குழந்தைகள் இரண்டிலிருந்து. 189 பெரியவர்களும் 130 குழந்தைகளும் கலந்துகொண்டார்கள். 1971-ல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலும் எதிர்பார்த்த முகத்தையே எடுத்திருந்தார்கள். உணர்ச்சி முகங்கள் மனித குலத்துக்கே பொது என்ற கருத்து பாடப்புத்தகங்களில் உறுதிப்பட்டது இப்படித்தான். ஆனால் பயந்த முகத்தையும் வியந்த முகத்தையும் அவர்கள் பிரித்துக் காட்டவில்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த வரியைப் பலரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

1994-ல் உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமானது. நாலைந்து சொற்களைக் கொடுத்து ஒன்றை எடு என்றால், மனிதர்கள் ஏதோ ஒன்றை எடுத்துத்தானே ஆக வேண்டும்? கோப முகத்தைக் காட்டிவிட்டுப் பட்டியலிலிருந்து கோபம் என்ற சொல்லை எடுத்துவிட்டால், பட்டியலில் மிஞ்சியிருக்கும் ஏதாவது ஒரு சொல்லில் பெரும்பாலோர் ஒன்றுகூடிவிடுகிறார்கள் என்று அவர் காட்டினார். 'இவற்றில் எதுவும் இல்லை' என்ற வாய்ப்பைக் கொடுத்தாலும் பலர் எதிர்பார்த்த சொல்லையே எடுக்கிறார்கள் என்று 2001-ல் வேறொரு ஆய்வு பதில் சொன்னது. வழக்கு இன்னும் முடியவில்லை. 2014-ல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் சொல் எதுவும் கொடுக்காமல், படங்களை உங்கள் விருப்பப்படி கூறு கூறாகப் பிரியுங்கள் என்று சொன்னபோது, நம் உணர்ச்சிச் சொற்களுக்கு ஏற்றபடி அவர்கள் பிரிக்கவில்லை. சிரிக்கிறான், பார்க்கிறான் என்று செயல்களாகச் சொன்னார்கள். 2016-ல் பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவினரிடம், மேலைநாட்டவர் பயம் என்று சொல்லும் முகத்தை, கண் விரிந்து வாய் பிளந்த அந்த முகத்தைக் காட்டினார்கள். மிரட்டுகிறவரின் முகம் என்று அவர்களில் பலர் சொன்னார்கள்.

இந்த மனிதர்களில் யாரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள், நாங்கள் எங்கள் பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆகவே உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: திரையில் இருக்கும் சொற்களில் எதுவும் பொருந்தவில்லை என்றால், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது கோபம் இல்லம்மா, ரோஷம்" என்று தோன்றினால் அப்படியே சொல்லுங்கள். பொத்தான் எதையாவது அழுத்தித்தான் ஆக வேண்டும் என்ற விதி இருந்தாலும், உங்கள் வார்த்தையைப் பக்கத்தில் இருக்கும் ஆய்வாளர் குறித்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பிடித்த பதில் எது என்று ஊகித்து, அதைக் கொடுத்து எங்களை மகிழ்விக்க வேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்தினர் மனம் கோணக் கூடாது என்ற பண்பு உண்டு. ஆய்வறையில் மட்டும் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்கிறோமே, அந்த முகத்தை உளவியலாளர்கள் ஜோனதன் ஹைட்டும் டாகர் கெல்ட்னரும் ஒடிசாவில் ஒரு படமாகக் காட்டினார்கள். 1999-ல் வெளிவந்த ஆய்வு அது. ஒடிசாக்காரர்களுக்கு அது வெட்கமும் சங்கடமும் கலந்த முகம் என்று உடனே தெரிந்தது, அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, நடனம் கற்ற ஆய்வாளரான அகல்யா ஹெஜ்மாடி, நாட்டிய சாஸ்திர மரபையொட்டிப் பத்து உணர்ச்சிகளைத் தாமே நடித்துக் காட்டிய படப்பதிவுகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்தியர்கள் மட்டுமல்லாமல் அமெரிக்கர்களும் அவற்றைப் பெருமளவு சரியாகவே சொன்னார்கள். எது பொது, எது நமக்கே உரியது என்பது எங்கோ உட்கார்ந்து ஊகித்துத் தெரிகிற விஷயம் இல்லை. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு நீங்கள் வர வேண்டும்.

உங்கள் பேரனைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். உலகம் முழுவதும் உளவியல் ஆய்வுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பேரன் வயதுக்காரர்கள்தான், அதிலும் மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்கள். முன்னணி உளவியல் இதழ்கள் சிலவற்றை 2008-ல் ஒருவர் அலசிப் பார்த்தபோது, பங்கேற்பாளர்களில் 96 சதவீதம் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான்.

முதியவர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து 2008-ல் வந்த கட்டுரை, இளையவர்களைவிட முதியவர்கள் கோபம், சோகம், பயம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதில் பின்தங்குகிறார்கள் என்றும், அருவருப்பில் அப்படி இல்லை என்றும் சொன்னது. இந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் இதைத் தமிழ்நாட்டின் எழுபது வயதுப் பாட்டிக்கு அப்படியே பொருத்துவதை ஏற்க மாட்டேன். அந்த ஆய்வுகளில் காட்டிய முகங்கள் பெரும்பாலும் இளையவர்களின் முகங்கள். இந்தக் குறையை உணர்ந்துதான் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இளையோர், நடுவயதினர், முதியோர் என 171 பேரின் 2052 படங்களைக் கொண்ட தொகுப்பை உருவாக்கி 2010-ல் வெளியிட்டார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த 171 பேரும் வெள்ளையர்கள். வயலில் வெயில்பட்டுக் கறுத்த நெற்றியும், மூக்குத்தியும், பொக்கை வாயும் உள்ள ஒரு முகத்தை நான் பயன்படுத்திய எந்தத் தொகுப்பிலும் பார்த்ததில்லை.

இதில் இழப்பு எங்களுக்கு மட்டும் இல்லை. முதியவர்களின் சுருக்கங்களே அவர்கள் முகபாவத்தைப் படிப்பதைக் குழப்புகின்றன என்று 2012-ல் உர்சுலா ஹெஸ்ஸும் மற்றவர்களும் காட்டினார்கள். முகத்தில் அப்போது இல்லாத உணர்ச்சியைச் சுருக்கங்கள் இருப்பதாகக் காட்டக்கூடும். மருத்துவமனையில் வலியோடு படுத்திருக்கும் ஒருவரை "எப்பவும் அப்படித்தான் மூஞ்சியை வெச்சிருப்பார்" என்று தாண்டிப் போகிற செவிலியரை நினைத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோயில் முகத்தசை இறுகிவிடலாம், சிரிப்பு வெளியே வராமல் போகலாம். ஐம்பது ஆண்டு குடும்பம் நடத்திய மனைவியே "இவருக்கு என்மேல் அக்கறை போய்விட்டது" என்று மனம் உடைவாள். மருத்துவரும் மகனும் மகளும் முதிய முகத்தைச் சரியாகப் படிக்கக் கற்க வேண்டுமானால், முதியவர்களிடமிருந்து சேகரித்த அறிவு வேண்டும்.

நளினி அம்பாடி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற உளவியலாளர். தன் இனத்தாரின் முகங்களில் உணர்ச்சியைப் படிப்பது மனிதர்களுக்குச் சற்றே எளிது என்று, அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002-ல் ஹிலரி எல்ஃபன்பைனோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான். பின்னாளில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. பொருத்தமான எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டது. பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் அதே வம்சாவளியில்தான் கிடைப்பார், ஆனால் கொடையாளர் பதிவேடுகளில் தெற்காசியர்கள் மிகக் குறைவு. குடும்பத்தாரும் மாணவர்களும் ஊர் ஊராக வேண்டினார்கள். 2013 அக்டோபரில் அவர் இறந்துபோனார். பதிவேட்டில் நம்மவர் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்றை நான் அறியேன். முக ஆய்வில் கலந்துகொள்ளாததால் யாரும் உடனே உயிரிழப்பதில்லை, உண்மைதான். ஆனாலும் நம்மவர் இல்லாத பட்டியலை வைத்து நமக்கு மருத்துவமும் கருவிகளும் செய்யப்படும்போது, அந்தத் துயரத்தின் ஒரு சிறு பங்கு இங்கேயும் இருக்கிறது.

"நான் ஒருத்தர் வந்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணி இருக்கிறார். ஓர் அரிய நோயால் அவர் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா என்ற பகுதி அழிந்துவிட்டது. பயந்த முகத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994-ல் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் எழுதினார்கள். அவர் தொடர்ந்து ஆய்வுகளுக்கு வந்தார். 2005-ல்தான் காரணம் ஒன்று புலப்பட்டது. அவருடைய பார்வை தானாக எதிராளியின் கண்களுக்குப் போவதில்லை. கண்களைப் பாருங்கள் என்று சொன்னதும் பயத்தைச் சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் மறுபடி தவறினார். ஒரே ஒரு பங்கேற்பாளர் பொறுமையோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்ததால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது.

வாருங்கள் என்று அழைக்கிற நானே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1924-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்னி லாண்டிஸ் என்பவர் முகபாவங்களைப் படம்பிடிப்பதற்காகப் பங்கேற்பாளர்களின் முகத்தில் கறுப்புக் கோடுகள் வரைந்து, அம்மோனியாவை முகரக் கொடுத்து, கடைசியில் உயிருள்ள எலியின் தலையை வெட்டச் சொன்னார். பெரும்பாலோர் தயங்கித் தயங்கி வெட்டினார்கள். மறுத்தவர்களின் கண்முன் அவரே வெட்டினார். பங்கேற்றவர்களில் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனும் இருந்தான். அப்படிப்பட்ட காலம் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் இன்று ஒப்புதல் படிவம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வைப் பற்றிய தகவல் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், நீங்கள் விலகலாம். அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்குகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

முகங்களைப் பார்த்துச் சொல்வது வேறு, உங்கள் முகத்தைப் படம்பிடிக்கக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். படம் எங்கே இருக்கும், எத்தனை காலம் இருக்கும், வேறு ஆய்வாளர்களுக்கும் கொடுப்பார்களா, கணினிக்கு முகம் படிக்கக் கற்றுக்கொடுக்கும் நிறுவனங்களுக்குப் போகுமா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்வதாகக் கூறும் மென்பொருள்கள்மீது உலகெங்கும் நியாயமான சந்தேகம் எழுந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022-ல் தன் முகக் கருவியிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பணியிடத்திலும் பள்ளியிலும் அத்தகைய கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டம் தடைசெய்கிறது. முகங்களைப் பார்த்துச் சொல்ல மட்டும் சம்மதம், என் முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அதை நாங்கள் ஏற்றே ஆக வேண்டும்.

வரும் நாளில் படிக்கும் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். சாப்பிட்டுவிட்டு, வேளை மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள். மகனோ மகளோ துணைக்கு வரலாம், ஆனால் உள்ளே பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கலந்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டு வர வேண்டாம். கண் எரிந்தால், முதுகு வலித்தால், நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் கவனம் சிதறி ஏதேதோ அழுத்திவிட்டால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பகுதியை ஒதுக்கிவிடலாம். முடிந்ததும் இந்த ஆய்வு எதற்காக என்று விளக்கமாகக் கேளுங்கள். முடிவு வெளிவரும்போது ஒரு பக்கத்தில், தமிழில், எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் நேரத்தை வாங்கிக்கொண்ட நாங்கள் அதை அனுப்பக் கடமைப்பட்டவர்கள்.

அன்புடன்,
உங்களைத் தேடி வரும் ஆய்வாளர்களில் ஒருத்தி